எட்டுச் சீசா, நாலு தர்ப்பை

ஆவணி 9, திங்கள்

இருந்தவர்கள்: அத்தான் (என் வீட்டுக்காரர் குற்றாலலிங்கம், தையல் நூல் கம்பெனிக்கு முதலாளியும் அவர்களே, விஞ்ஞானியும் அவர்களே), அத்தானின் அக்கா பிரமு மைனி, கம்பெனியில் சோதனை வேலை பார்க்கும் மைமூன், ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் தேவசித்தம், உலகம்மை என்கிற நான். ஐந்து பேர். மஞ்சளில் பிடித்து வைத்த பிள்ளையாரைச் சேர்த்தால் ஆறு. பிள்ளையாரைச் சேர்க்க வேண்டாம் என்று அத்தான் சொன்னதால் ஐந்து.

கம்பெனியில் டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டது. புதிது வர ஒரு மாதம் ஆகுமாம். சோதனைத் தொட்டியோ இரவும் பகலும் முப்பத்தேழு டிகிரியில் நிற்க வேண்டும், அது மனித உடம்பின் சூடு. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதனால் தொட்டி எங்கள் சாமான் அறைக்கு வந்து, புளிப்பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. உள்ளே எட்டுக் கண்ணாடிச் சீசா. ஒவ்வொன்றிலும் உடம்புக்குள் இருப்பது போன்ற உப்புத் தண்ணீர், அதில் நூல்.

இந்த நூலால் வயிற்றைத் தைத்தால் பிரிக்க வேண்டியதில்லை. புண் ஆறியபின் தானே கரைந்து போகும். ஒன்று முதல் நான்கு வரை வெள்ளை மூடி, புது நூல். ஐந்து முதல் எட்டு வரை பச்சை மூடி. அது தறியில் விழுந்த துண்டுகளையும் தேதி முடிந்த நூலையும் கரைத்துப் பாகாக்கி மறுபடியும் இழுத்த நூல். அத்தானின் பெருமையெல்லாம் பச்சை மூடிதான்.

“குப்பைங்கதே கிடையாது உலகு. செத்த நூலு திரும்பப் பொறந்து வருது” என்றார்கள்.

திரும்பப் பிறப்பது எனக்குப் புதுச் செய்தி இல்லை. திரும்பப் பிறக்காமல் இருக்கத்தான் தினமும் விளக்கேற்றுகிறேன்.

எத்தனை நாள் நூல் தாங்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். “ஆறு வாரம்மா. நாப்பத்திரெண்டு நாள். அதுக்கு முன்னால விட்டுச்சுன்னா குடல் வெளிய எட்டிப் பாக்கும், வேறென்ன” என்று சிரித்தார். அத்தானும் சிரித்தார்கள், வலது பக்கத்து அடிவயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு. அத்தானுக்கு இரண்டு வருஷமாகக் குடலிறக்கம். பெல்ட்டு கட்டிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறார்கள். தன் நூலால்தான் தைத்துக்கொள்வேன் என்று காத்திருந்த மனிதர். ஆஸ்பத்திரியில் பச்சை மூடி நூலால் பன்னிரண்டு பேருக்குத் தைத்துப் பார்க்கப் போகிறார்கள், அதில் முதல் ஆள் அத்தான். புரட்டாசி 10, வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு சரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

என் வேலை: காலையும் மாலையும் சூடு பார்த்து எழுதுவது. மூன்று நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு சீசாவிலிருந்தும் ஒரு துண்டு நூல் எடுத்து, ஜன்னல் கம்பியில் தொங்கும் ஸ்பிரிங் தராசில் மாட்டி, அறும்வரை இழுத்து, எத்தனை கிலோவில் அறுந்தது என்று எழுதுவது.

“அறுக்கதுக்குன்னு ஒரு உத்தியோகமா? என் கூடப் பொறந்தவன் பேச ஆரம்பிச்சாலே அறுக்கத்தானே செய்யுதான்” என்றாள் பிரமு மைனி.

ஆவணி 11, புதன்

சதுர்த்தி. கொழுக்கட்டை நாற்பத்தெட்டு, விரிந்தது மூன்று. தொட்டி 37, இரண்டு வேளையும்.

ஆவணி 12, வியாழன்

முதல் அறுப்பு. எட்டும் நான்கு கிலோவில் அறுந்தன. வெள்ளைக்கும் பச்சைக்கும் வித்தியாசம் இல்லை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். மீதியை அத்தானின் புத்தகங்களுக்குத் தூசி தட்டும்போது நின்றுகொண்டே படித்தேன். கட்டம் போட்டு, சீசா எண், நாள், சூடு, கிலோ, யார் பார்த்தது என்று ஐந்து பத்தியாக எழுதியிருந்தேன். அத்தான் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மைமூன்கூட இம்புட்டுச் சுத்தமா எழுத மாட்டா” என்றார்கள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் என் எழுத்தைப் பற்றிச் சொன்ன முதல் சொல். அந்தச் சந்தோஷத்தில் ரசத்துக்கு உப்புப் போட மறந்தேன். அதைப் பற்றியும் ஒரு சொல் வந்தது.

ஆவணி 18, புதன்

ஒன்பதாம் நாள். வெள்ளை 3.9. பச்சை 3.8. அத்தானுக்குச் சிரிப்புக் கொள்ளவில்லை. இந்த ஒன்பது நாள் கணக்கைக் குழுவுக்கு அனுப்பிவைத்தார்கள்.

ஆவணி 21, சனி

பன்னிரண்டாம் நாள். வெள்ளை 3.8. பச்சை 3.4. பச்சை கொஞ்சம் களைத்துத் தெரிகிறது என்று அத்தானிடம் சொன்னேன். “தராசு அப்படித்தான் காட்டும்” என்றார்கள். வெள்ளைக்கும் அதே தராசுதான்.

ஆவணி 22, ஞாயிறு

இன்று இரவு சந்திர கிரகணம். சாயங்காலமே சமையலை ஒழித்துவிட்டு, குடிதண்ணீர்க் குடம், தயிர், தோசை மாவு, மூன்று ஊறுகாய் ஜாடி, நெய் எல்லாவற்றிலும் தர்ப்பை கிள்ளிப் போட்டேன். சாமான் அறைக்கு விளக்கு எடுத்துப் போனபோது தொட்டி கண்ணில் பட்டது. அதிலும் தண்ணீர்தானே இருக்கிறது, அதுவும் உடம்புக்குள் போகப்போகிற சாமான். விட மனசு வரவில்லை. கையில் மிஞ்சியது நாலே நாலு தர்ப்பை. எல்லாவற்றையும் ஒரே நிறத்து மூடிக்குப் போட்டால் ஓரவஞ்சனை. வெள்ளையில் இரண்டு, பச்சையில் இரண்டு: சீசா 1, 2, 5, 6. மீதி 3, 4, 7, 8 சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று மூடியைத் திருகிவிட்டேன். நோட்டின் ஓரத்தில் ‘குறிப்பு’ என்று போட்டு எழுதியாயிற்று.

ஆவணி 24, செவ்வாய்

பதினைந்தாம் நாள்.
வெள்ளை, புல் உள்ளது 3.7. புல் இல்லாதது 3.7.
பச்சை, புல் உள்ளது 2.1. புல் இல்லாதது 2.1.
இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். அதேதான்.

ஆவணி 27, வெள்ளி

பதினெட்டாம் நாள். வெள்ளை 3.6. பச்சை தொள்ளாயிரம் கிராம். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே அத்தான் சாமான் அறைக்கு வந்தார்கள். சீசாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்கள்.

“ஏட்டி, இது என்னது? புல்லா?”

“தர்ப்பை அத்தான். கிரகணத்தன்னைக்குப் போட்டது.”

“என் சோதனைச் சீசாவுக்குள்ளயா? இது என்ன குடிக்கத் தண்ணியாட்டி?”

“குடிக்க தண்ணிக்கே போடுதோம். இது வயித்துக்குள்ள வச்சுத் தைக்கதாச்சே அத்தான், அதுக்கும் மேல இல்லியா?”

அத்தான் துண்டைக் கீழே எறிந்தார்கள். பிரமு மைனி கதவோரத்தில் வந்து நின்று, “புல்லுதானல போட்டா, வெசமா வச்சா?” என்றாள். இரண்டு வருஷ வேலையை ஒரு புல் கெடுத்துவிட்டது, பச்சை மூடி அறுந்ததெல்லாம் இந்தப் புல்லால்தான் என்று அத்தான் சொன்னார்கள்.

“ஏழுலயும் எட்டுலயும் புல்லு இல்ல அத்தான். அதுவும் அறுந்துட்டு” என்றேன்.

“எல்லாம் ஒரே தொட்டியிலதான நிக்கி? புல்லோட சாறு அங்கயும் போயிருக்கும்.”

“மூடி இறுக்கித்தான் இருக்கு. அப்படியே போனாலும் வெள்ளைக்கு மட்டும் ஏன் போகல?”

அத்தான் எறிந்த துண்டை எடுத்து உதறினார்கள். பிறகு, “காப்பி எங்க?” என்றார்கள்.

அவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள். எனக்கு அவ்வளவு தெரியாது. காப்பி கொடுத்தேன்.

ஆவணி 30, திங்கள்

இருபத்தொன்றாம் நாள். வெள்ளை 3.5. பச்சை இருநூறு கிராம். இருநூறு கிராம் என்பது ஒரு பெரிய கத்தரிக்காய். தொட்டி 37.

ஆவணி 31, செவ்வாய்

அத்தான் இல்லாத நேரம் மைமூன் வந்தாள், நோட்டைப் பார்க்க வேண்டும் என்று. கிரகணப் பக்கத்துக்கு வந்ததும் விரலை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“அக்கா, இப்படி ரெண்டு ரெண்டாப் பிரிச்சுப் போடச் சொன்னது யாரு? சாரா?”

“யாரும் சொல்லல தாயி. நாலு புல்லுதான் இருந்துச்சு. ஒரு பக்கத்துக்கே போட்டா நல்லாவா இருக்கும்?”

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “நாங்க இந்த மாதிரிப் பிரிக்கதுக்கு மூணு நாள் உக்காந்து பேசுவோம் அக்கா. நீங்க தற்செயலாப் பண்ணிட்டிய. புல்லு மேல ஒரு தப்பும் இல்ல. பாருங்க, புல்லு இருந்தாலும் இல்லாட்டாலும் வெள்ளை நிக்கி, பச்சை போகுது. தப்பு பச்சையிலதான்.”

என்ன தப்பு என்று கேட்டேன். பழைய நூலைப் பாகாக்கி மறுபடி கோக்கும்போது அதைக் கோக்க ஒரு மருந்து போடுவார்களாம். அதைச் சுத்தமாகக் கழுவி எடுக்காவிட்டால், கோத்த மருந்தே உள்ளே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிடுமாம். முதல் பத்து நாள் ஒன்றும் தெரியாதாம். பிறகு திடுதிப்பென்று போகுமாம்.

முன் பிறவியின் மிச்சம் இந்தப் பிறவியில் வேலை செய்கிறது. இதைச் சொல்ல ஒரு கம்பெனி வேண்டியிருக்கிறது.

“கழுவ முடியாதா?”

“முடியும் அக்கா. இன்னும் ரெண்டு தடவை கழுவணும், திரும்ப இழுக்கணும், திரும்ப நாப்பத்திரெண்டு நாள் பாக்கணும். மூணு மாசம். நான் சார்ட்ட சொல்லிட்டேன். அடுப்படியில எடுத்த கணக்கக் கமிட்டிக்கு வைக்க முடியாதுங்காங்க. ஆபரேஷனப் பாக்க பம்பாயிலேர்ந்து நூலு வாங்குத கம்பெனி ஆளு வாராங்கல்லா, தேதிய மாத்த மனசில்ல.”

எங்கள் தொட்டி இருப்பது அடுப்படியில் இல்லை, சாமான் அறையில். அதை அவளிடம் திருத்திச் சொன்னேன்.

புரட்டாசி 2, வியாழன்

இருபத்துநான்காம் நாள். வெள்ளை 3.4. பச்சையைத் தராசில் மாட்டவே முடியவில்லை. இடுக்கியால் தூக்கும்போதே விட்டுவிட்டது. கிலோ பத்தியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் சுழி போட்டேன்.

மத்தியானம் அத்தான் ஒரு வரைபடம் கொண்டுவந்தார்கள். ஒன்பது நாள் வரைக்கும் புள்ளிகள். அதற்குப் பிறகு புள்ளி இல்லை, ஸ்கேல் வைத்து நாற்பத்திரண்டாம் நாள் வரை இழுத்த கோடு. மிகவும் நேரான கோடு. இத்தனை நேராக அத்தான் எங்கள் பூஜை அறைக்கு ஒரு பலகைகூட அடித்துத் தந்ததில்லை.

கூடவே தட்டச்சு செய்த ஒரு தாள். ‘ஒன்பதாம் நாளுக்குப் பிறகு வீட்டில் எடுத்த கணக்குகள் தள்ளுபடி செய்யப்படுகின்றன. காரணம்: எட்டுச் சீசாவிலும் புல் விழுந்து தண்ணீர் கெட்டுவிட்டது’ என்று இருந்தது. அடியில் என் பெயர்.

“நாலுலதான் அத்தான் போட்டேன்.”

“எட்டுன்னே இருக்கட்டும். விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது.”

“எண்ணிக்கை தப்பா இருக்குல்லா?”

“உலகு, கெட்டது கெட்டதுதான். போடு” என்று சொல்லி நாற்காலியில் உட்காரப் போனார்கள். பாதியில் நின்றுவிட்டார்கள். முகம் வெளுத்து, அடிவயிற்றை அழுத்திக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்தபடி நின்றார்கள். நான் போய்ப் பிடித்து உட்காரவைத்தேன். வெந்நீர்ப் பை கொண்டுவந்தேன். நெற்றி வியர்வையைத் துடைத்தேன். அதன்பிறகு அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

புரட்டாசி 3, வெள்ளி

காலையில் நூற்றெட்டு உருப்போட உட்கார்ந்தேன். நாற்பத்தொன்றுக்கு அப்புறம் எண்ணிக்கை நழுவிவிட்டது. மறுபடி ஆரம்பித்தேன். முப்பதில் நழுவிற்று. இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. ஜலதோஷமாக இருக்கலாம்.

வெண்டைக்காயை அரிந்துகொண்டே பிரமு மைனி கேட்டாள்: “கையெழுத்துப் போட்டியாமே.”

“ஆமா மைனி.”

“நல்ல எழுத்து ஒனக்கு. காயிதத்துல போட்டா அழகாத்தான் இருக்கும்.” இன்னும் இரண்டு காய் அரிந்தாள். “என் தம்பி வயித்துல கொண்டுபோய் அதைத்தான வைக்கப் போறாவ. அங்க எப்படி இருக்கும்னு பாத்துக்க.”

புரட்டாசி 4, சனி

வயிற்றைப் பார்க்க டாக்டர் தேவசித்தம் வந்தார். அத்தான் போனில் பம்பாய்க்காரர்களோடு பேசிக்கொண்டிருந்த சமயம், காப்பியோடு நோட்டையும் நீட்டினேன். காப்பியை வாங்கிக்கொண்டார். நோட்டைப் பார்த்துக்கொண்டே குடித்தார். காப்பி ஆறிவிட்டது.

“சாரு இதைத் தள்ளுபடின்னு எழுதிக் குடுத்திட்டாங்களேம்மா. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“நூல் கையிலயே அறுந்துட்டு டாக்டர்.”

“புரியுதும்மா. ஆனா முப்பது வருசச் சிநேகிதன். அவன் நூலு சரியில்லன்னு நான் சொன்னா, நீ டாக்டரா விஞ்ஞானியான்னு கேப்பான். கமிட்டி வேண்டாம்னா நான் கத்தியத் தொட மாட்டேன். கமிட்டி சரின்னா எனக்கு மறுக்கக் காரணம் இல்ல. நீங்க அங்க எழுதுங்க. செவ்வாய்க்கிழமை கூடுறாங்க.”

நல்ல மனிதர். முகவரியைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்.

புரட்டாசி 5, ஞாயிறு

மகாளய அமாவாசை. ஆற்றங்கரையில் கூட்டம். அத்தான் தர்ப்பணம் முடித்து வந்து சாப்பிட்டபின், வாழைக்காய்ப் பொரியல் நன்றாக இருந்தது என்றார்கள். இதுதான் சமயம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அத்தான், வெள்ளிக்கிழமை வெள்ளை மூடி நூலையே வச்சுத் தைச்சுக்கிட்டா என்ன?”

“வெள்ளைய எவன் வேணாலும் செய்வான். உலகத்துல நூறு கம்பெனி செய்யுது. பச்சைதான் என்னுது.” இலையை மடித்தார்கள். “அடுத்தவன் வயித்துல வைக்கதுக்கு முன்னால என் வயித்துல வச்சுப் பாக்கேன்னுதானட்டி சொல்லுதேன். அதுல என்ன பாவம் இருக்கு?”

பாவம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டம். கெட்ட மனிதராக இருந்திருந்தால் நேற்றே எழுதியிருப்பேன்.

“ஒங்களுக்குப் பின்னால பதினோரு பேரு இருக்காவளே அத்தான். ஒங்களுக்கு விட்டுப்போறது மூணாவது வாரம்தான். அதுக்குள்ள எத்தனை பேருக்குத் தைச்சிருப்பாவ?”

அத்தான் எழுந்து கை கழுவப் போனார்கள். தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது பேப்பரைத் தேடினார்கள், நான் எடுத்துக் கொடுத்தேன்.

புரட்டாசி 6, திங்கள்

நவராத்திரி முதல் நாள். விடிகாலையில் எழுந்து கொலுப்படி ஐந்து கட்டி, பொம்மை முப்பத்தேழு வைத்து, சுண்டல் ஊறப்போட்டேன். பிறகு உட்கார்ந்து எழுதினேன். மைமூன் வேலைக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கி வருகிறேன் என்றாள். பிரமு மைனி உறைக்கு மேலே சந்தனம் வைத்தாள். எழுதியதன் நகல் கீழே.

நெறிமுறைக் குழுச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். நான் உலகம்மை, குற்றாலலிங்கம் அவர்களின் மனைவி. சென்ற வியாழக்கிழமை தேதியிட்ட ஒரு தாளில், எட்டுச் சீசாவிலும் புல் விழுந்தது என்று நான் கையெழுத்திட்டிருக்கிறேன். அது பொய். நான் போட்டது நாலு சீசாவில் மட்டும். அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் நோட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் பக்கம் எதுவும் கிழிக்கப்படவில்லை. திருத்திய இடங்களில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

பச்சை மூடி நூல், புல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இருபத்துநான்காம் நாளில் கையில் எடுக்கவே தாங்கவில்லை. வெள்ளை மூடி நூல் நன்றாக இருக்கிறது. என் கணவர் ஒருவரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. தன் உடம்பையே முதலில் கொடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் வரைந்த கோட்டில் ஒன்பதாம் நாளுக்குப் பிறகு புள்ளி கிடையாது. புள்ளிகள் என் நோட்டில் இருக்கின்றன.

நூலைக் கழுவி மறுபடி செய்து, நாற்பத்திரண்டு நாளும் பார்த்து முடியும்வரை, பச்சை மூடி நூலால் யாருக்கும் தைக்க அனுமதி கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சோதனைக்குத் தொட்டி வேண்டுமானால் எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். இந்த முறை ஒன்றும் போட மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வர வேண்டியவள் நான். அழைத்து வரவா, வேண்டாமா என்று எனக்குத் தெரிய வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் எழுதவும்.